வெயில் விளையும் வயல்

அகமதாபாத்திலிருந்து மெஹ்சானா ஏறத்தாழ 75 கிலோமீட்டர். அங்கே பஸ் மாறி மேற்கே இன்னும் 25 கிலோமீட்டர் போனால் மோதேரா. டிக்கெட் 30 ரூபாய். ஜன்னலுக்கு வெளியே ஆமணக்கும் கடுகும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தன. பக்கத்து இருக்கைப் பெரியவர், எங்கே இறங்கப் போகிறேன் என்று இந்தியில் கேட்டார். ஊர்ப் பெயரைச் சொன்னதும், “சூரியக் கோயிலுக்கா?” என்றார். கோயிலுக்கும்தான், கூரைகளைப் பார்க்கவும்தான் என்றேன். தலையாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். கூரை பார்க்க வருகிறவர்கள் அந்தப் பஸ்ஸில் புதிதல்ல போலும்.

2022 அக்டோபர் 9 அன்று, 24 மணி நேரமும் சூரிய மின்சாரத்தில் இயங்கும் நாட்டின் முதல் கிராமம் என்று பிரதமர் அறிவித்த ஊர் இது. மத்திய அரசும் குஜராத் அரசும் செலவைச் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. மொத்தம் 80.66 கோடி ரூபாய். இதெல்லாம் செய்தித்தாளில் வந்தது. நான் தெரிந்துகொள்ள வந்தது வேறு. ஓர் ஊருக்குச் சோலார் வந்தால், அந்த ஊரில் இருப்பவர் கைக்கு என்ன வந்து சேர்கிறது? கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட மீட்டரையும் பில்லையும் பார்த்துவிடுவது நல்லது என்று தோன்றியது.

கோயிலுக்கு முதலில் போனேன். நுழைவுக் கட்டணம் 25 ரூபாய். சோலங்கி அரசர் முதலாம் பீமதேவன் காலத்தில், 1026-27இல் கட்டியது. புஷ்பாவதி ஆற்றங்கரையில் இருக்கிறது. முன்னால் படிப்படியாக இறங்கும் பெரிய குளம். படிகளுக்கு நடுவே சின்னச் சின்ன சன்னதிகள். குளத்துக்குப் பின்னால் தேர்ந்த வேலைப்பாடுள்ள மண்டபம். காலை வெயில் தூண்களின் சிற்பங்களில் பக்கவாட்டாக விழுந்தது. கோயில் வளாகத்து விளக்குகளும், சாயங்காலம் சுவரில் காட்டும் ஒளிக்காட்சியும் சூரிய மின்சாரத்தில்தான் ஓடுகின்றன என்று பலகையில் எழுதியிருந்தார்கள். பார்த்துவிட்டு ஊருக்குள் நடந்தேன்.

கோயிலிலிருந்து ஊர்த்தெரு நடக்கும் தூரம்தான். முதல் சந்திலேயே தலையை நிமிர்த்தினால் பலகைகள் தெரிந்தன. மொட்டை மாடியின் தெற்குப் பக்கமாகச் சாய்த்து, வீட்டுக்கு மூன்று பலகை. ஒரு கிலோவாட். மோதேரா, சம்லன்புரா, சுஜ்ஜன்புரா என்ற மூன்று குடியிருப்புகளிலும் சேர்த்து 1,300க்கும் மேற்பட்ட வீடுகளில் இப்படிப் பொருத்தியிருக்கிறார்கள். ஒரு கிலோவாட் பலகை நம் நாட்டு வெயிலில் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். மாதம் 120 யூனிட். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டுதான் வீடு வீடாகப் பார்த்தேன்.

மளிகைக் கடைக்குப் பக்கத்து வீட்டில் ஓர் அம்மா வாசலில் சோம்பு புடைத்துக்கொண்டிருந்தார். மீட்டரைப் பார்க்கலாமா என்று கேட்டதும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். சுவரில் இரண்டு பெட்டிகள். ஒன்று இன்வெர்ட்டர், பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இன்னொன்று இருவழி மீட்டர். திரையில் எண்கள் மாறி மாறி வந்தன. ஒரு தடவை வெளியிலிருந்து வாங்கிய யூனிட், அடுத்த தடவை வெளியே அனுப்பிய யூனிட். அனுப்பியதுதான் அதிகம். உள்ளே ஒரு ஃபிரிட்ஜ், இரண்டு மின்விசிறி, ஒரு டிவி. அலமாரியிலிருந்து பில்லை எடுத்துக் காட்டினார். கட்ட வேண்டிய தொகைக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தது. முன்பு மாதாமாதம் கட்டிய காசில் இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். பேரனின் பள்ளிக்கூட வேன் செலவுக்குப் போகிறது என்றார்.

ஊரில் எல்லார் வீட்டிலும் பில் பூஜ்யம் என்றுதான் சொல்கிறார்கள். நான் பார்த்தது அப்படி இல்லை. இரண்டு தெரு தள்ளி, ஏசி வைத்திருந்த வீட்டில் பில் வருகிறது. முன்பைவிடக் குறைவு, அவ்வளவுதான். 120 யூனிட்டுக்குள் புழங்கும் வீட்டுக்கு அந்த மூன்று பலகை போதும். அதற்கு மேல் போனால் போதாது. ஊர் ஓரத்தில் ஓடும் தகரமும் வேய்ந்த சில வீடுகளில் பலகையே இல்லை. கனமான சட்டத்தைத் தாங்க உறுதியான மேல்தளம் வேண்டும். மின்கட்டணத்தை மிச்சப்படுத்த மிகவும் தேவைப்படுகிறவர்களின் வீடு சில சமயம் பலகையைத் தாங்க முடியாத வீடாக இருக்கிறது. கூரையை மட்டும் நம்பிப் போடும் எந்தத் திட்டமும் சந்திக்கிற சிக்கல் இது.

அதற்கு விடைபோல இருந்தது சுஜ்ஜன்புரா. ஆட்டோவில் போனேன். சுற்றிலும் கம்பி வேலி. உள்ளே 12 ஹெக்டேரில், அதாவது ஏறக்குறைய 30 ஏக்கரில், வரிசை வரிசையாகப் பலகைகள். 6 மெகாவாட். வேலிக்கு வெளியே நின்றாலே அளவு புரிந்தது: ஒரு கோடியிலிருந்து பார்த்தால் மறு கோடி வெயில் அலையில் நடுங்கியது. ஒரு பக்கம் சரக்குப் பெட்டக அளவில் வெள்ளைப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. பேட்டரி. 15 மெகாவாட்-மணி, நம் வழக்கில் சொன்னால் 15,000 யூனிட் சேமிக்கும். பகலில் நிரம்புகிறது, பொழுது சாய்ந்ததும் ஊருக்கு இறங்குகிறது. ஓட்டுவீட்டுக்காரருக்கும் இந்த மின்சாரம் போகிறது.

பொழுது சாயும்வரை ஊரிலேயே இருந்தேன். 24 மணி நேரமும் என்று சொன்னதில் எனக்குச் சந்தேகம் இருந்த இடம் ராத்திரிதான். ஆறரை மணிக்குப் பின் தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது. டீக்கடையில் ஃபிரிட்ஜ் உறுமியது. நான் இருந்தவரை ஒரு தடவைகூட விளக்கு கண் சிமிட்டவில்லை. டீ 10 ரூபாய். இஞ்சி தாராளமாகத் தட்டிப் போட்டிருந்தார்கள்.

மோதேராவில் கண்ணுக்குத் தெரிந்த பலன் உண்மையானது. வீட்டுச் செலவு குறைந்திருக்கிறது, ராத்திரி விளக்கு நிற்கவில்லை, ஊருக்குப் பெயர் வந்திருக்கிறது, பெயரால் பயணிகள் வருகிறார்கள். ஆனால் கேட்டுக்கொண்டே போனதில் ஒன்று தெளிவாயிற்று. இடத்தை முடிவு செய்தது அரசு, பணம் போட்டது அரசு, பராமரிப்பது வெளியிலிருந்து வரும் ஆட்கள். இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்ட இடத்திலெல்லாம், போன் செய்வோம், வருவார்கள் என்பதே பதில். ஊருக்குக் கிடைத்த திட்டம் அது. ஊரே நடத்தும் திட்டம் ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் தெற்கே கேடா மாவட்டத்துக்குப் போக வேண்டும்.

அதற்காக ஆனந்தில் ராத்திரி தங்கினேன். விடியற்காலை வெளியே வந்தபோது தெருமுனைப் பால் சங்கத்தில் வரிசை நின்றது. எவர்சில்வர் தூக்கோடு பெண்கள், சைக்கிளில் கேன் கட்டிய ஆண்கள். ஊற்றிய பால் எடையாகிறது, கொழுப்புச் சத்து அளவாகிறது, சீட்டு ஒன்று அச்சாகி வெளியே வருகிறது: இத்தனை லிட்டர், இவ்வளவு கொழுப்பு, இத்தனை ரூபாய். சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடுகிறார்கள். 1946இல் இங்கே பதிவான பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம்தான் பிறகு அமுல் ஆனது. மூன்று தலைமுறையாக ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றி, அளந்து, கணக்கெழுதி, பணம் வாங்கிப் பழகிய மண் இது. நான் போய்ப் பார்க்கவிருந்த கேடா மாவட்டத்து டுண்டி கிராமத்துக்கு இந்தப் பழக்கம் எவ்வளவு கைகொடுத்திருக்கிறது என்பது அங்கே போனபின் புரிந்தது.

ஆனந்திலிருந்து உம்ரேட் வழியாக டாகோர் முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ரண்சோட்ராய் கோயில் இருக்கும் ஊர் என்பதால் பஸ்ஸில் பாதிப்பேர் கையில் துளசி மாலை. கோயில் வாசலில் கோட்டா என்ற கடலைமாவுப் பலகாரம் எண்ணெயில் பொங்கிக்கொண்டிருந்தது. நூறு கிராம் 30 ரூபாய், தயிரோடு தந்தார்கள். மிளகும் தனியாவும் முழுசாக நாக்கில் தட்டுப்பட்டன. சாப்பிட்டுவிட்டு ஆட்டோ பேசினேன். போகவரவும் காத்திருக்கவும் சேர்த்து 500 ரூபாய். தாஸ்ரா தாலுகாவுக்குள் நுழைந்ததும் சாலை ஒடுங்கியது. இருபுறமும் கோதுமை முழங்கால் உயரம். நடுநடுவே புகையிலை, பெரிய இலைகளோடு.

டுண்டியில் தோரண வாயில் எதுவும் இல்லை. ஆட்டோக்காரர் ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தி, வயல் பக்கம் கையைக் காட்டினார். வரப்பில் நடந்தேன். கோதுமைக்கு நடுவில், தரையிலிருந்து ஆள் குனிந்து போகும் உயரத்தில், இரும்புக் கால்களின் மேல் பலகை வரிசை. அதன் ஓரத்தில் செங்கல் கட்டிய சின்ன மோட்டார் கொட்டகை. இருநூறு முந்நூறு அடி தள்ளி இன்னொரு வரிசை, இன்னொரு கொட்டகை. இவ்வளவுதானா என்று தோன்றும் அளவுக்குச் சாதாரணம். ஆனால் உலகில் சூரிய பம்புசெட் விவசாயிகளின் முதல் கூட்டுறவுச் சங்கம் என்று சொல்லப்படுவது இதுதான்.

2016இல் ஆறு விவசாயிகள் சேர்ந்து இதைத் தொடங்கினார்கள். பின்னால் நின்று உதவியது கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனம். ஆனந்தில் அதற்கு ஓர் ஆய்வு மையம் உண்டு. முதலீட்டில் பெரும்பகுதியை அந்த நிறுவனம் தந்தது, ஒரு பங்கை விவசாயிகள் போட்டார்கள். மூன்று பேருக்கு 8 கிலோவாட் பலகையும் 5 குதிரைத்திறன் பம்பும். மூன்று பேருக்கு 10.8 கிலோவாட் பலகையும் 7.5 குதிரைத்திறன் பம்பும். மொத்தம் 56.4 கிலோவாட். பிறகு இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள்.

கொட்டகை வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்த விவசாயிக்கு அறுபது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, தலையில் துண்டு. “ஆவோ பாய்” என்று கட்டிலில் இடம் விட்டார். பார்க்க வந்திருக்கிறேன் என்றதும் பேச்சை வளர்க்கவில்லை. எழுந்து கொட்டகைக்குள் போனார். உள்ளே இன்வெர்ட்டர் பெட்டி, அதன் பக்கத்தில் ஒரு மாற்று சுவிட்சு, மேலே மீட்டர். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வெளித்தொட்டியில் நாலங்குலக் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டி வாய்க்காலில் இறங்கியது. கை வைத்துப் பார்த்தேன். நிலத்தடி நீரின் வெதுவெதுப்பு. வயலின் கடைசிப் பாத்தி நிறைந்துவிட்டது என்று எதிர்முனையிலிருந்து ஒரு பையன் குரல் கொடுத்தான். பெரியவர் சுவிட்சை மறுபக்கம் தள்ளினார்.

மோட்டார் இறங்கி நின்றது. குழாயில் தண்ணீர் மெலிந்து, சொட்டி, ஓய்ந்தது. மீட்டரில் சிவப்புப் பொட்டு ஒன்று துடிக்கத் தொடங்கியது. அதை விரலால் தொட்டுக் காட்டி, “இப்போது போகிறது” என்றார். அவர் வயலில் விழும் வெயில் கம்பி ஏறி, சங்கத்தின் ஒரே இணைப்பு முனையில் மற்றவர்களுடையதோடு சேர்ந்து, மத்திய குஜராத் மின் விநியோக நிறுவனத்தின் கம்பிக்குப் போகிறது. யூனிட்டுக்கு 4 ரூபாய் 63 காசு. 25 ஆண்டு ஒப்பந்தம்.

வந்த வேலையே அந்த சுவிட்சில் முடிந்துவிட்டது என்று சொல்வேன். 5 குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 4 யூனிட் இழுக்கும். அதை ஓட்டாமல் விற்றால் 18 ரூபாய்க்கு மேல் கிடைக்கும். ஆகவே கடைசிப் பாத்தி நிறைந்தபின் மோட்டாரை வெறுமே ஓடவிட இவருக்கு மனம் வராது. தண்ணீரை மிச்சம் பிடியுங்கள் என்று யாரும் வந்து பாடம் நடத்த வேண்டியதில்லை. மிச்சம் பிடித்தால் பணம்; அந்தப் பணம் மீட்டரில் துடிப்பது கண்ணுக்குத் தெரிகிறது. சோலார் பம்பு பெருகினால் நிலத்தடி நீர் காலியாகிவிடும் என்ற கவலை நியாயமானது. வெயிலுக்கு விலை இல்லை, யார் நிறுத்தப் போகிறார்கள்? அந்தக் கவலைக்கு விடையாகத்தான் இந்தச் சங்கத்தையே யோசித்திருக்கிறார்கள். தண்ணீர் தேவைப்படாத பொழுதில் வெயிலே ஒரு விளைச்சல், அதை வாங்க ஆள் இருக்கிறது என்று ஆக்கிவிட்டார்கள். தொடக்கத்தில் பசுமை மின்சாரத்துக்காக யூனிட்டுக்கு 1.25 ரூபாயும், நீரைச் சேமிப்பதற்காக இன்னொரு 1.25 ரூபாயும் நீர் மேலாண்மை நிறுவனம் ஊக்கத்தொகையாகத் தந்தது. அதோடு சேர்த்து 7 ரூபாய் 13 காசு கிடைத்த காலம் உண்டு.

கொட்டகைக்குப் பின்னால் கோணி போட்டு மூடிய ஏதோ இருந்தது. விலக்கிப் பார்த்தால் பழைய டீசல் இன்ஜின். துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து கருத்திருந்தது. இந்த விவசாயிகளுக்கு மின் இணைப்பு இல்லாத காலத்தில் இதைத்தான் ஓட்டினார்கள். மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் குடிக்கும். டாகோர் பங்க்கில் நான் பார்த்த டீசல் விலை லிட்டர் 90 ரூபாயைத் தொட்டிருந்தது. 90 ரூபாய் செலவாகும் ஒரு மணி நேரம், இன்று 18 ரூபாய் வரவை விட்டுக்கொடுக்கும் ஒரு மணி நேரமாகியிருக்கிறது. கூடவே புகை இல்லை, கைப்பிடியைச் சுழற்றித் தோள் விட்டுப்போகும் வேலை இல்லை, டீசல் கேன் தூக்கிக்கொண்டு பங்க்குக்கு அலைச்சல் இல்லை. மின் இணைப்பு வாங்கிய விவசாயிகளைப்போல, ராத்திரி கரன்ட் வந்தால்தான் தண்ணீர் என்று பாம்புக்கும் பன்றிக்கும் நடுவே டார்ச்சோடு போகவேண்டியதும் இல்லை. சூரியன் இருக்கும்போதுதான் பம்பு ஓடும். மனிதர்கள் விழித்திருக்கும் நேரமும் அதுதான்.

இதற்கு அவர்கள் கொடுத்த விலை ஒன்றும் உண்டு. மானிய விலையில் கிடைக்கக்கூடிய விவசாய மின் இணைப்புக்கு இந்த 25 ஆண்டும் விண்ணப்பிப்பதில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதாவது அரசு இந்த வயல்களுக்குத் தனித்தனியாகக் கம்பி இழுக்க வேண்டியதில்லை, ஆண்டாண்டாக மானியம் சுமக்க வேண்டியதும் இல்லை. விவசாயிக்கு வருமானம், மின் நிறுவனத்துக்குச் செலவுக் குறைவு. இரண்டு பக்கமும் கணக்கு நேராக இருப்பதால்தான் ஒப்பந்தம் நிற்கிறது.

பலகைகளுக்கு அடியில் குனிந்து போனேன். தரை காலியாக இருக்கும் என்று நினைத்தேன். கீரைப் பாத்தி, அதன் பக்கத்தில் பூண்டு, ஓரத்தில் பீட்ரூட் இலை சிவப்பு நரம்போடு. பலகைக்குப் பலகை இடைவெளி விட்டிருப்பதால் வெயிலும் நிழலும் பட்டை பட்டையாக விழுகின்றன. அதிக வெயில் கேட்காத காய்கறிகளை இங்கே போட்டுக்கொள்கிறார்கள். பலகைகள் நிற்கும் இடம் நஷ்டம் என்று எழுதத் தேவையில்லாமல் போயிற்று. பலகையின் மேல்பரப்பை விரலால் தேய்த்தேன். மெல்லிய தூசி ஒட்டியது. வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை, வெயில் ஏறுவதற்கு முன் தண்ணீர் விட்டுக் கழுவுகிறார்கள். தூசி படிந்தால் யூனிட் குறையும், குறைந்தால் மீட்டரில் தெரியும். யாரும் சொல்லாமலே துடைக்கும் பலகைகளை இங்கேதான் பார்த்தேன்.

பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர் வரப்பில் நின்று பேசிக்கொண்டிருந்தார். அவருக்குப் பம்பு இல்லை. தண்ணீரை விலைக்கு வாங்குகிறவர். டீசல் தண்ணீருக்குக் கொடுத்ததில் ஏறக்குறைய பாதிதான் இப்போது ஒரு பாசனத்துக்குக் கொடுப்பதாகச் சொன்னார். சொன்னதை நம்புவதா என்று யோசிக்கும்போதே கோதுமைக்கு அந்தப் பக்கம் அவர் வயலைக் காட்டினார். காய்கறி போட்டிருந்தார். டீசல் காலத்தில் அடிக்கடி தண்ணீர் கேட்கும் காய்கறியை விலைத் தண்ணீரை நம்பி யாரும் போடத் துணியமாட்டார்கள். அந்தப் பசுமையே சாட்சி. சங்கத்தில் உறுப்பினராக இல்லாதவருக்கும் பலன் போய்ச் சேர்ந்திருப்பதை இங்கே கண்ணால் பார்த்தேன்.

கடைசியாகச் சங்கத்தின் கணக்கு நோட்டு. நீளமான பைண்டு நோட்டு, குஜராத்தி எழுத்து. எண்களை மட்டும் எனக்கு விளக்கிச் சொன்னார்கள். ஒவ்வொரு விவசாயியின் கொட்டகையிலும் ஒரு மீட்டர், ஊர் எல்லையில் எல்லாம் சேரும் இடத்தில் ஒரு பெரிய மீட்டர். மின் நிறுவனம் பெரிய மீட்டரை மட்டும் பார்த்துச் சங்கத்தின் கணக்கில் பணம் போடுகிறது. அதை அவரவர் அனுப்பிய யூனிட்படி சங்கம் பிரிக்கிறது. தனித்தனி விவசாயிகளாகப் போயிருந்தால் ஒவ்வொருவருக்கும் தனி ஒப்பந்தம், தனி கம்பி, தனி ரீடிங்; எந்த மின் நிறுவனமும் தயங்கும். சங்கமாகப் போனதால் ஒரே வாசல். ஆனந்தில் விடியற்காலை பார்த்த அந்தப் பால் சீட்டுதான் நினைவுக்கு வந்தது. பாலுக்குப் பதில் யூனிட். மற்றபடி அதே முறை, அதே நம்பிக்கை.

நோட்டை வைத்துக்கொண்டு நானும் ஒரு கணக்குப் போட்டேன். 8 கிலோவாட் வைத்திருப்பவர் பம்பையே ஓட்டாத நாளில் 32 யூனிட் அனுப்பலாம், 148 ரூபாய். 10.8 கிலோவாட்காரருக்கு 200 ரூபாய். ஆறு பேருடையதும் சேர்ந்தால் நாளொன்றுக்குச் சுமார் 225 யூனிட், ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். மழைக்காலத்தில் இது குறையும். நீர் பாய்ச்சும் பருவத்திலும் குறையும். பணக்காரராக்கும் தொகை இல்லை இது. ஆனால் மழை தவறினாலும், விலை விழுந்தாலும், பயிரைப் பூச்சி தின்றாலும் வந்துகொண்டிருக்கும் தொகை. விவசாயக் குடும்பத்துக்கு அப்படி மாதாமாதம் நிச்சயமாக வரும் பணம் பாலைத் தவிர வேறென்ன இருக்கிறது?

குறையும் கண்ணில் பட்டது. 4 ரூபாய் 63 காசு 25 ஆண்டுக்கும் மாறாது. மற்ற எல்லா விலையும் ஏறும்போது இது மட்டும் அப்படியே நிற்கும். முதலீட்டின் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்ததால்தான் தொடக்கம் இவ்வளவு சுலபமாக இருந்தது. தன் கைப்பணத்தை மட்டும் போட்டு ஒரு சிறு விவசாயி இதைத் தொடங்குவது கடினம். கடன் வசதி இல்லாமல் இது பரவாது. ஆனாலும் பரவத் தொடங்கியிருக்கிறது. பக்கத்து ஆனந்த் மாவட்டத்தின் முஜ்குவாவில் தேசிய பால்வள வாரியத்தின் உதவியோடு இன்னொரு சங்கம் 2018இல் வந்தது. அதே ஆண்டு குஜராத் அரசு, உபரி மின்சாரத்தை விவசாயியிடம் வாங்கும் சூரியசக்தி கிசான் திட்டத்தை அறிவித்தது. அடுத்த ஆண்டு மத்திய அரசின் குசும் திட்டத்திலும், மின் இணைப்புள்ள பம்புசெட்டுகளைச் சோலாருக்கு மாற்றி மிச்சத்தை விற்க வழி செய்யும் பிரிவு சேர்ந்தது. அந்தப் பாதையில் டுண்டி முன்னால் நடந்திருக்கிறது.

திரும்பும் வழியில் நினைவெல்லாம் நம் ஊரைச் சுற்றியே இருந்தது. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் இருக்கின்றன. மின்சாரம் இலவசம். அது உழவர்களைக் காப்பாற்றி வந்திருக்கிறது. அதை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் ஒரு விவசாயி சிக்கனமாக இறைத்தால் அவருக்கு என்ன கிடைக்கிறது? ஒன்றுமில்லை. மோட்டாரை ஆட்டோமேட்டிக்கில் போட்டுவிட்டுப் போகிறவருக்கும், பாத்தி பார்த்து நிறுத்துகிறவருக்கும் ஒரே கணக்கு. இன்னொரு பக்கம், மானியத்தில் வாங்கிய தனி சோலார் பம்புகள், கம்பி இணைப்பு இல்லாததால், தண்ணீர் தேவைப்படாத நாட்களில் சும்மா நிற்கின்றன. அறுவடை முடிந்து அடுத்த பயிர் வரும்வரை அந்தப் பலகைகளில் விழும் வெயில் அத்தனையும் வீண். டுண்டியில் சுவிட்சைத் தள்ளினால் பணமாகும் வெயில் அது.

இரண்டு ஊர்களையும் பார்த்ததில் எனக்கு வந்த முடிவு இது. மோதேரா போன்ற திட்டம் வீட்டுக்கு நிம்மதி தருகிறது, அது வேண்டும். டுண்டி போன்ற சங்கம் அதற்கு மேல் ஒன்றைத் தருகிறது: மின்சாரத்தையும் தண்ணீரையும் பணத்தையும் எப்படிச் செலவழிப்பது என்ற முடிவு ஊர்க்காரர் கையிலேயே இருக்கிறது. தூசி துடைப்பதிலிருந்து நீரைச் சேமிப்பதுவரை யாரும் சொல்லாமலே நடப்பதற்குக் காரணம் அதுதான். சோலாரால் ஓர் ஊருக்கு நன்மை வருமா என்று கேட்பவர்கள் எத்தனை மெகாவாட் என்று பார்ப்பதோடு நிற்க வேண்டாம். மீட்டர் யார் பெயரில் இருக்கிறது, பணம் யார் கணக்கில் விழுகிறது என்று பாருங்கள்.

கூட்டுறவு நமக்குப் புதிதில்லை. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம் தமிழ்நாடு முழுக்க இருக்கிறது, பால் சங்கம் இருக்கிறது, கணக்கு எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு டிரான்ஸ்பார்மரின் கீழ் வரும் பத்துப் பதினைந்து பம்புசெட்டுக்காரர்கள் சேர்ந்தாலே தொடங்கிவிடலாம். அரசு செய்ய வேண்டியது மூன்று: மிச்ச மின்சாரத்துக்கு நியாயமான விலை, நீண்டகால ஒப்பந்தம், குறைந்த வட்டிக் கடன். நாம் செய்ய வேண்டியது ஒன்று. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று இதைக் கேளுங்கள், தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.